வீரத்தை வளர்ப்பது வறுமையா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர் எங்கே கூடினாலும், திருமண மண்டபமாயினும் கோயில் திருவிழாவாயினும் பள்ளி விளையாட்டுப் போட்டியின் பரிசளிப்பு மேடையாயினும், பேச்சு ஒரு கட்டத்தில் பழங்காலத்து உடல்வலிமையைத் தொடாமல் முடிவதில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இரும்பாய் இருந்தனர் என்பர். கோழியும் முட்டையும் உண்டு வளரும் இக்காலப் பிள்ளைகள் திடலை ஒருமுறை சுற்றி வருவதற்குள் மூச்சு வாங்குகின்றனர் என்பர். பட்டினி வீரனை உண்டாக்கியது, வசதி வந்தது, வீரம் போயிற்று என்று தீர்ப்பும் வழங்கிவிடுவர். கீழே வரிசையாக அமர்ந்திருக்கும் மாணவர்கள், தங்களைத்தான் இழித்துரைக்கின்றனர் என்பதை அறிந்தும் அறியாமலும் கைதட்டுவர்.

இத்தீர்ப்பு தோட்டப்புறத்துக்கு மட்டும் உரியதன்று. உலகக் குத்துச்சண்டையில் ‘ஹெவிவெயிட்’ எனப்படும் மிகு எடைப் பிரிவைப் பற்றியும், அதாவது தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட வீரர்கள் மோதும் பிரிவைப் பற்றியும், இதே புலம்பல் எழுந்து பல்லாண்டுகள் ஆயின. ஜோ லூயிசும் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் ஜார்ஜ் போர்மனும் நின்ற மேடையில் இன்று நிற்பவர் யார் என்று கேட்கின்றனர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பசித்திருந்தவரை வீரர் பிறந்தனர். பசி குறைந்தது, வீரரும் குறைந்தனர் என்று அங்கும் சிலர் எளிதாகக் கணக்கை முடித்துவிடுகின்றனர். பரிசளிப்பு மேடைப் பேச்சாளர்களுக்கு இது பெரிய துணை. அலியின் பெயரை இழுத்துவந்து மரவள்ளிக் கிழங்குக்குச் சான்று கூற வைக்கின்றனர்.

அலியின் வரலாறு இதற்குச் சான்று கூறுமா என்று எவரும் பார்ப்பதில்லை.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அவர் தந்தை விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். குடும்பம் செல்வக் குடும்பமன்று. பட்டினிக் குடும்பமும் அன்று. 1954இல், பன்னிரண்டு வயதில், அச்சிறுவனின் மிதிவண்டி களவு போயிற்று. மிதிவண்டி வைத்திருந்த சிறுவன் என்பதே பட்டினிக் கோட்பாட்டின் விலாவில் விழும் முதல் குத்து. திருடனை அடித்து நொறுக்கப் போவதாக அவன் அழுதுகொண்டே முறையிட்டது ஜோ மார்ட்டின் என்னும் காவலரிடம். அக்காவலர் ஓய்வு நேரத்தில் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்பித்து வந்தார். அடிப்பதற்கு முன் அடிக்கக் கற்றுக்கொள் என்றார். ஆறே ஆண்டுகளில், 1960 ரோம் ஒலிம்பிக்கில், அச்சிறுவன் தங்கம் வென்றான். மிதிவண்டி களவு போன அதே மாலையில் அக்கட்டடத்தில் அப்பயிற்சிக் கூடம் இல்லாதிருந்தால், அல்லது அக்காவலர் புகாரை எழுதிக்கொண்டு போய்வா என்று அனுப்பியிருந்தால், உலகம் ஒரு விளம்பரப் பலகை ஓவியரின் மகனை மற்றோர் ஓவியனாகவே அறிந்திருக்கும், அதுவும் அறிந்திருக்காது.

ஏனையோர் நிலையும் இதுவே. பிரேசியர் தென் கரோலினாவின் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர்தாம். பட்டினிக் கட்சியார் அவரை விடமாட்டார். ஆனால் அவர் பிலடெல்பியாவில் காவல்துறை நடத்திய இளைஞர் பயிற்சிக் கூடத்துக்குள் முதன்முதல் நுழைந்தது, பருத்துவிட்ட தம் உடலைக் குறைப்பதற்காக! போர்மன் கல்வியும் தொழிலுமின்றித் தெருவில் திரிந்தவர். 1965இல் அமெரிக்க அரசு வேலையற்ற இளைஞர்க்கென நடத்திய பயிற்சி முகாமில் சேர்ந்த பிறகே கையுறை அணிந்தார். மூன்றே ஆண்டுகளில் மெக்சிகோ ஒலிம்பிக் தங்கம். மைக் டைசனின் கதை ஊரறிந்தது. சீர்திருத்தப் பள்ளியில் கிடந்த சிறுவனைக் கஸ் டமாட்டோ என்னும் முதிய ஆசான் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார்; 1986 நவம்பரில், இருபது வயதில், அவன் உலகப் பட்டம் வென்றான். ஆசான் அதைக் காணுமுன் ஓராண்டுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

வறுமைக்கே வீரம் என்றால் உக்ரேனின் கிளிட்ச்கோ உடன்பிறப்புகளை எங்கே வைப்பது? சோவியத் விமானப்படை அதிகாரியின் மக்கள். இருவரும் விளையாட்டு அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். புத்தாயிரத்தின் முதற் பதினைந்து ஆண்டுகளில் மிகு எடைப் பிரிவு பெரும்பாலும் இவ்விருவர் கையில் இருந்தது. அவர்களுக்குப் பின் அதே நாட்டின் ஒலெக்சாந்தர் உசிக், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் பியூரியை வென்று, லெனொக்ஸ் லூயிசுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒருசேர ஏந்திய முதல் மிகு எடை வீரரானார். மறுபுறம் கியூபா. 1962இல் தொழில்முறை விளையாட்டையே தடைசெய்த அந்நாடு, அரசுப் பயிற்சிப் பள்ளிகளைக் கட்டியது. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் மிகு எடைத் தங்கத்தைத் தியோபிலோ ஸ்டீவன்சன் ஒருவரே கொண்டு சென்றார்.

பிலிப்பைன்சின் மேனி பக்கியாவோவை இப்போது சிலர் எடுத்துக்காட்டுவர். உண்மை, கொடிய வறுமையில் பிறந்தவர், எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே வீரர். ஆனால் பிலிப்பைன்சில் பசித்த சிறுவர் பல இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் மணிலாவின் பயிற்சிக் கூடத்தை அடைந்தவன் ஒருவன் பக்கியாவோ. பசி எல்லார்க்கும் பொது. கூடம் சிலர்க்கே கிட்டிற்று. எதனால் வேறுபாடு விளைந்தது என்று கணக்குப் பாடம் கற்பிப்போர் சொல்லட்டும்.

அமெரிக்காவில் மிகு எடை வீரர் அருகியது எதனால்? உயரமும் எடையும் படைத்த இளைஞன் ஒருவன் அந்நாட்டில் தலையெடுத்தவுடன், கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் காற்பந்துக்கும் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையுடன் அவனை அழைத்துக்கொள்கின்றன. குத்துச்சண்டைக்கு அவ்வழி இல்லை. 1960இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் போட்டியில் அடிபட்டு இறந்ததை அடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியே கைவிடப்பட்டது. தெருமுனைக் கூடங்களும் ஒவ்வொன்றாய் மூடின. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ரே மெர்சர் பெற்ற தங்கத்துக்குப் பின், மேல் இரு எடைப் பிரிவுகளிலும் அந்நாடு ஒலிம்பிக் தங்கம் கண்டதில்லை. வீரனாகத் தக்கவன் அங்கே பிறந்துகொண்டுதான் இருக்கிறான். வேறு பந்தை ஏந்தி ஓடிக்கொண்டிருக்கிறான்.

இனித் தோட்டங்களுக்கு வரலாம். அலி இந்நாட்டுக்கே வந்தவர். 1975 ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், ஜோ பக்னரை எதிர்த்துப் பதினைந்து சுற்றுகள் ஆடிப் புள்ளிக் கணக்கில் வென்றார். அவ்வாண்டு அவர் பட்டத்தைப் பணயம் வைத்தது நான்கு முறை. மார்ச்சில் ஒன்று, மேயில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, அக்டோபர் முதல் நாள் மணிலாவில் பிரேசியருடன் ஒன்று. இக்காலத்து வாகையர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மேடையேறினாலே பெரிது. மெர்டேக்கா அரங்கின் அம்மேடை போட்டிக்குப் பின் கழற்றப்பட்டது. அதன்பின் சிரம்பானிலோ பகாவிலோ போர்ட்டிக்சனிலோ தோட்டப் பிள்ளைகளுக்கென ஒரு குத்துச்சண்டைக் கூடம் எழவில்லை. வேடிக்கை காட்டுதல் வேறு, வீரனை ஆக்குதல் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுவதில்லை. சென்னைக்கும் அலி 1980இல் வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். ஆனால் வடசென்னையில் அவர் வருமுன்பே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும் உழைத்த மக்களின் பிள்ளைகள் அவற்றில் சேர்ந்து பயின்றனர். பரம்பரைக்கும் பரம்பரைக்கும் நடந்த போட்டிகளைக் காணக் கூட்டம் திரண்டது. 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தால் அவ்வரலாற்றை மலேசிய மாணவரும் அறிந்தனர். அங்கே கற்பிப்பவனுக்கு வழங்கிய பெயர் வாத்தியார்.

தோட்டத்திலும் சிலம்பம் கற்பித்தவனுக்கு அதே பெயர். பள்ளியில் ஒரு வாத்தியார். பொழுது சாய்ந்தபின் கோயில் முன்றிலில் ஒரு வாத்தியார். தமிழகத்துக் கிராமத்தில் கற்றதைக் கப்பலில் கொண்டுவந்தவர். கம்பை முதல் நாளே கையில் கொடுத்துவிட மாட்டார். காலடி பயில வேண்டும். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றப் பழக வேண்டும். அதன்பின் வீச்சு, தடுப்பு, இறுதியிலேதான் எதிர்நின்று ஆடுதல். குத்துச்சண்டைக் கூடத்திலும் முறை இதுவே. அலியின் கைவேகத்தைப் புகழ்வோர் பலர். அவர் எதிரிகள் அஞ்சியது அவர் கால்களை.

அவ்வாத்தியாருக்கு மாணவர் கிடைத்தது எவ்வாறு? இங்கேதான் பட்டினிக் கட்சியார் கவனிக்க மறுக்கும் செய்தி உள்ளது. பால்மரம் வெட்டுதல் விடியற்காலைத் தொழில். காலைக் குளிர் இருக்கும்வரைதான் பால் நன்றாக வடியும். இருள் பிரியுமுன் பெரட்டு. வெயில் ஏறுமுன் வெட்டு. நண்பகலையொட்டிப் பாலெடுத்து நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலில் வேலை முடிந்துவிடும். தந்தையும் தமையனும் மாலையில் வீட்டில் இருந்தனர். லயத்துக்கு எதிரே திடல் இருந்தது. அடுத்த லயத்தில் ஒத்த வயதும் ஒத்த எடையும் உடைய எதிராளி இருந்தான். பக்கத்துத் தோட்டம் நடந்துபோகும் தொலைவில் இருந்தது. லிங்சம் தோட்டத்தாரும் பிராட்வால் தோட்டத்தாரும் ஒருவர் வலிமையை ஒருவர் அறியாதிருக்க வழியில்லை. திருவிழாவில் மூன்று தோட்டத்து மக்கள் கூடி வேடிக்கை பார்த்தனர். தோற்றவனை மறுநாள் பால் கொட்டகையில் கேலி செய்தனர். மாலை நேரம், திடல், வாத்தியார், எதிராளி, பார்க்கும் கண்கள் ஆகிய இத்தனையும் காசின்றிக் கிடைத்தன. இவற்றைக் கொடுத்தது துரையின் அருளன்று. தொழிலின் நேரமுறையும் வாழ்விடத்தின் நெருக்கமுமே கொடுத்தன.

கிழங்கு என்ன கொடுத்தது? சோகையைக் கொடுத்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தின்று மிஞ்சிய உடலில் எத்தனை கிலோ ஏறும்? தோட்டத்துப் பழம்பெரும் வீரரின் புகைப்படங்களை எடுத்துப் பார்ப்போர் அங்கே தசைநாரைக் காண்பர், எடையைக் காணமாட்டார். தொண்ணூறு கிலோ எடையுள்ள வீரனைக் கஞ்சியால் ஆக்க முடியாது; பாலும் முட்டையும் மீனும் பருப்பும் வேண்டும். ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய சிறுவர்களுள் ஆடி வென்றோரை மேடைகள் நினைவுகூர்கின்றன. நோயில் விழுந்தோரையும், வளர்ச்சி குன்றியோரையும், பத்து வயதுக்குள் மாண்டோரையும் எந்த மேடை நினைவுகூர்கிறது? பிழைத்தவனை மட்டும் எண்ணிப் பட்டினிக்குப் புகழ்மாலை சூட்டுவது, கரை சேர்ந்தவனை மட்டும் கேட்டுவிட்டுக் கடல் ஆழமில்லை என்பது போன்றது.

தமிழாசிரியர் சிலர் இவ்விடத்தில் புறநானூற்றைத் துணைக்கு அழைக்கக்கூடும். போரவைக் கோப்பெருநற்கிள்ளியை நக்கண்ணையார் பாடுகையில், கூழ் குடித்தும் பெருந்தோள் உடையவன் என்னும் பொருள்படப் பாடவில்லையா என்பர். பாடினார்; எண்பத்து நான்காம் பாட்டு. ஆனால் அங்குள்ள உம்மையைப் பார்க்க வேண்டும். அது ‘ஆயினும்’ என்னும் பொருள்பட நிற்கும் உம்மை. கூழ் குடித்ததனால் தோள் பெருத்தது என்று அப்புலவர் கூறவில்லை. கூழே கிடைத்தபோதும் பெருத்தது என்று வியக்கிறார். ஓர் இடைச்சொல்லின் பொருளைக்கூட வகுப்பில் விடாது கற்பிப்போர் மேடையேறியதும் அதை விழுங்கிவிடலாகாது. அதே கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற காட்சியைச் சாத்தந்தையார் எண்பதாம் பாட்டில் பாடியுள்ளார். ஒரு கால் மார்பில் ஊன்ற, மறுகால் எதிரியின் தந்திரத்தைத் தடுக்க, வென்ற முறை இன்னதென்று மற்போர் அறிந்த கண்ணால் எழுதியிருக்கிறார். அம்மற்போருக்குக் களம் இருந்தது, பெயர் பெற்ற எதிராளி இருந்தான், நுட்பம் அறிந்து பார்த்த புலவர் இருந்தார். தந்தை தித்தனும் இதைக் காணவேண்டும் என்கிறார் புலவர். பகைத்திருந்த தந்தையே ஆயினும் காணவேண்டும் என்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது!

‘வசதி வந்தது, வீரம் போயிற்று’ என்னும் வாய்பாட்டுக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. அதை அறிந்தால் இதனை மேடையில் முழங்குவோர் நாணுவர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர், நெடுங்கால அமைதியும் செழிப்பும் தென்னாட்டாரை மென்மைப்படுத்தி அவர்தம் போர்க்குணத்தை அழித்துவிட்டன என்று கருதினார். பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். போர்க்குலங்கள் சில, அல்லாத குலங்கள் பல என்று பகுத்த கொள்கை வேரூன்றியது. தமிழர்க்குப் படையின் கதவு குறுகியது. மலாயாத் தோட்டத்துரைகள் அதே தமிழரை அடங்கிப்போகும் கூலிகள் என்று எழுதி, அதனாலேயே விரும்பி இறக்குமதி செய்தனர். 1943க்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தில் அக்கூலிகளின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். பால்வெட்டிய ஆணும், ஜான்சி ராணிப் படையில் பெண்ணும், சில மாதப் பயிற்சியில் துப்பாக்கி ஏந்தி நின்றனர். அவர்கள் குருதி அச்சில மாதங்களில் மாறிவிட்டதா? அந்தத் தளபதியின் தீர்ப்பை இன்று தமிழனே தமிழ்ப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறான் என்பதுதான் வருந்தத் தக்கது.

போனது எது? திடலும் மாலையும் எதிராளியும் போயின. ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் சில தோட்டங்களைத் தின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. வேண்டிய கைகளும் பிற்காலத்தில் வேற்று நாடுகளிலிருந்து வந்தன. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் ஒரே காலைப்பொழுதில் மலேசியர் கைக்கு மாறியது. நாட்டுக்கு அது பெருமை. ஆனால் லயத்தில் இருந்தவனின் வீட்டுக்கோ திடலுக்கோ உரிமைப் பட்டயம் அந்தக் காலையில் வரவில்லை. நீலாய், செனாவாங், செண்டாயான் என்னும் பெயர்கள் இன்று நகரியங்களையும் தொழிற்பேட்டைகளையும் குறிக்கின்றன. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பம் தாமானுக்கோ மலிவுவிலை அடுக்குமாடிக்கோ வந்தது. தந்தைக்குப் பன்னிரண்டு மணிநேர ஆலை வேலை, ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. தாய்க்கும் வேலை. வாத்தியார் வேறு தாமானில். மாணவன் வேறு தாமானில். மாலை என்பது பூட்டிய வீட்டுக்குள் கைப்பேசியோடு கழியும் பொழுதாயிற்று. இப்பிள்ளை ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று இகழ்வோர், அவன் ஓட எத்தனை அடி நிலம் விட்டுவைக்கப்பட்டது என்று அளந்து பார்த்தனரா?

தோட்டத்தில் எஞ்சிய பள்ளிகளின் இடர் இன்னொரு வகையினது. நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவரைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. நெகிரி செம்பிலானின் உட்புறத் தமிழ்ப்பள்ளிகளுள் இவ்வகையின பல. ஒரு வகுப்பில் ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தால், அவர்களுள் நாற்பது கிலோ எடையுள்ளவனுக்கு நாற்பது கிலோ எதிராளி எங்கிருந்து வருவான்? ஒத்த எதிராளி இன்றி எந்த வீரனும் ஆனதில்லை. பிரேசியர் இல்லாத அலியை எண்ணிப் பார்க்க முடியுமா?

திறமை வற்றிவிட்டது என்போர்க்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகளிர் கராத்தே ஐம்பது கிலோ பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றவர் ஷாமளாராணி சந்திரன். அப்போட்டியில் இந்நாடு பெற்ற தங்கம் மொத்தம் ஆறு. கோலாலம்பூர் செந்தூலின் அகிலன் தானி 2017இல் சிங்கப்பூரில் கலப்புச் சண்டையின் ஒரு பெரும் பட்டத்துக்காகப் பென் ஆஸ்க்ரெனை எதிர்த்து நின்றார். தோற்றார், ஆனால் அம்மேடை வரை சென்றார். கராத்தேயில் தமிழ்ப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நாட்டைப் பிரதிநிதித்து வருவதற்குக் காரணம் கராத்தே தமிழர் குருதியில் ஊறியிருப்பதன்று. ஊருக்கு ஊர் வகுப்பு உண்டு, பட்டை உண்டு, எடைப் பிரிவு உண்டு, மாவட்டத்திலிருந்து ஆசியா வரை ஏறிச்செல்லப் படிகள் உண்டு. படி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஏறுகின்றனர்.

படி இல்லாத இடத்திலும் கை சும்மா இருப்பதில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அவற்றின் ஏறத்தாழ 40,000 உறுப்பினருள் 28,000க்கும் மேற்பட்டோர் இந்தியர் என்றது. வசதி வந்ததால் வீரம் போயிற்று என்னும் வாதம் இந்த எண்ணின்முன் எப்படி நிற்கும்? அஞ்சாமை போகவில்லை, அது பாராங்கத்தியைப் பிடித்துக்கொண்டது. கும்பலுக்குத் திடல் உண்டு, மூத்தோர் உண்டு, எதிராளி உண்டு, பார்க்கும் கண்கள் உண்டு. தோட்டம் இலவசமாய்க் கொடுத்த அனைத்தையும் கும்பல் இலவசமாய்க் கொடுக்கிறது. பதினைந்து வயதுப் பையனிடம் உன்னால் முடியாது என்று பள்ளி மேடை சொல்கிறது. உன்னால் முடியும் என்று கும்பல் சொல்கிறது. அவன் எங்கே போவான்?

குத்துச்சண்டையும் கொடியதுதானே, மூளையைச் சிதைப்பதுதானே என்று கேட்போர் உளர். கேட்பது முறையே. அலிக்கே 1984இல் நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. 2016இல் மறையும்வரை அது அவரை விடவில்லை. விஸ்கான்சின் மாணவரின் சாவும் மேலே கூறப்பட்டது. எல்லாப் பிள்ளைக்கும் கையுறை மாட்டவேண்டும் என்று இங்கே வாதிடப்படவில்லை. சிலம்பமோ கபடியோ கராத்தேயோ மற்போரோ ஒன்று போதும். ஆனால் இரண்டைத் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். மேடையில் ஒத்த எடையான் ஒருவனே எதிரே நிற்கிறான், நடுவர் இருக்கிறார், மணி அடித்தால் கையைத் தாழ்த்த வேண்டும், விழுந்தவனை அடிப்பது விதிமீறல். கும்பல் சண்டையில் ஒருவனைப் பத்துப் பேர் சூழ்கின்றனர். மணி அடிப்பார் எவருமில்லை. கோபம் கொண்ட சிறுவனிடம் அக்காவலர் சொன்ன சொல்லை இங்கே சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்னும் வினா ஆசிரியர்களையே வந்தடைகிறது. ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்னும் கொள்கை 2011இல் அறிவிக்கப்பட்டது. பல பள்ளிகளில் அது கோப்பில் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறது. உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்தபோது ஆறாம் ஆண்டுத் தேர்வைக் காரணம் காட்டினர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. காரணம் போயிற்று, பாடவேளை திரும்பி வந்ததா? புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் பெயரை எழுதிவைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. காலடி அறிந்த ஒருவர் அங்கே நிற்கவேண்டும். சிலம்பம் அறிந்த முதியோர் இன்னும் சிலர் சிரம்பான், பகாவ், ரந்தாவ் பக்கங்களில் இருக்கின்றனர். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகின்றனர். பொன்னாடை எவருக்கும் காலடி கற்பிக்காது.

இயக்கத் தலைவர்களுக்கும் இதில் பங்குண்டு. சுழற்கிண்ணம் ஒன்று வாங்கிப் பெயர் பொறிப்பதற்கு ஆள் இருக்கிறார். வாத்தியாரின் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் முழுதும் எண்ணெய் போட ஆள் இல்லை. கிண்ணத்தில் பெயர் தெரியும், எண்ணெயில் தெரியாது என்பதாலோ என்னவோ!

செய்யத்தக்கது பெரிய காரியமன்று. ரந்தாவ் வட்டாரத்திலோ பகாவ் வட்டாரத்திலோ அருகருகே உள்ள நான்கைந்து தமிழ்ப்பள்ளிகள் கூடி, வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கலாம். ஒரு பள்ளியின் திடல் போதும். ஐந்து பள்ளிகள் சேர்ந்தால் நாற்பது கிலோ பையனுக்கு நாற்பது கிலோ எதிராளி கிடைப்பான், பெண்பிள்ளைக்கும் கிடைப்பாள். ஒரு வாத்தியாருக்கு மாத ஊதியம், பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன், பயிற்சிக்குப் பின் ஆளுக்கொரு முட்டையும் ஒரு குவளைப் பாலும். முதலாண்டில் பதக்கம் வராது. மூன்றாம் ஆண்டிலும் வராமற்போகலாம். அதுவரை அம்மாலைகள் நிற்காமல் நடக்கவேண்டும். அதற்குப் பொறுப்பேற்க ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கமாவது முன்வரவேண்டும். இப்போதைக்கு அத்திடல்கள் இருக்கின்றன. பள்ளி முடிந்ததும் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும்.